ஊமக் கிணறு

நாலு பக்கமும் கடல், நடுவில் எங்கே தோண்டினாலும் உவர்த் தண்ணி என்று கிடந்த புளியந்துருத்தித் தீவில், உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படித்துக்கொண்டிருந்த கஜானி என்ற பெட்டை, ஒரு திங்கட்கிழமை காலைப் பாடவேளையில், கூரை போன பழைய மண்டபத்தின் சீமெந்துத் தரையில் ஒரு கிணற்றை வைத்தாள். தோண்டவில்லை, கட்டவில்லை, வைத்தாள். வெறுங்கையால் வைத்தாள்.

ஊமம் என்று அந்தப் பாடத்தில் ஒரு பகுதி இருக்கிறது. வாய் திறக்கக்கூடாது, கையில் ஒரு சாமானும் இருக்கக்கூடாது, ஆனாலும் மேசை என்றால் மேசை இருக்கிறது, கதவு என்றால் கதவு இருக்கிறது என்று பார்க்கிறவன் நம்பவேண்டும். அதைப் படிப்பித்தவர் ரூபகாந்தன் சேர். கஷ்டப் பிரதேசச் சேவைக்கென்று வள்ளமேறி வந்து, வந்த நாள் முதல் மாற்றலுக்கு எழுதிக்கொண்டிருந்த இளந்தாரி மனிசன். பாடத்தை மட்டும் குறைவில்லாமல் படிப்பித்தார். "நீங்கள் வைச்ச மேசைக்குள்ளால நீங்களே மறந்துபோய் நடந்தீங்களெண்டால் அந்த மேசை செத்துப்போயிடும். பிறகு எவ்வளவு கையை ஆட்டினாலும் அது உயிர்க்காது. வைச்சதை மதியுங்கோ" என்று ஒவ்வொரு கிழமையும் சொல்லுவார்.

அந்தப் பாடத்துக்கு ஊரில் ஒரு மரியாதையும் இல்லை. கணக்கு ஓடாததுகளும் விஞ்ஞானம் ஏறாததுகளும் போய்ப் பதுங்குகிற இடம் என்றுதான் பேச்சு. கஜானியின் தாய் புனிதவதிகூட, "ஊரெல்லாம் டொக்டருக்குப் படிக்குது, என்ர பிள்ளை காத்தைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு நிக்குது" என்று, தண்ணி கொண்டுவருகிற பவுசர் லொறிக்கு நிற்கிற வரிசையில் சொல்லிச் சிரித்தவள்தான். கஜானிக்கு அதெல்லாம் காதில் ஏறாது. அவளுக்கு ஒரேயொரு ஆசை. அந்தப் பாடத்தில் ஏ எடுக்கவேண்டும், பல்கலைக்கழகத்துக்குப் போய் நாடகமே படிக்கவேண்டும், மேடையிலேயே சீவிக்கவேண்டும். மற்ற இரண்டு பாடமும் தட்டுத்தடுமாறித்தான் பாஸாகும் என்று அவளுக்கே தெரியும். அவளைத் தீவைவிட்டுக் கரையேற்ற இருந்த ஒரே வள்ளம் அந்தச் செய்முறைப் பரீட்சைதான்.

அவளோடு சோடி சேர்ந்து செய்தவள் ஜெனிற்றா, சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அந்தோனிமுத்துவின் மகள். ஒவ்வொரு பாடமும் தொடங்கமுதல் இருவரும் ஒரு பயிற்சி செய்யவேண்டும். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு மரம்போலப் பின்னால் விழவேண்டும், மற்றவள் தரையில் படாமல் பிடிக்கவேண்டும். சேர் அதற்கு நம்பிக்கைப் பயிற்சி என்று பெயர் வைத்திருந்தார். மற்றப் பிள்ளைகள் பாதியில் காலை ஊன்றிவிடுவார்கள். கஜானி ஊன்றியதே இல்லை. ஜெனிற்றா பிடிக்காமல் விட்டதே இல்லை.

அன்றைக்குக் கஜானி கப்பியில் கயிற்றைப் போட்டு, வாளியை இறக்கி, வாளி தண்ணியில் சரிந்து மூழ்குகிற அந்தக் கணத்துக்காகக் கயிற்றை ஒரு சுண்டுச் சுண்டி, நிறைந்த வாளியின் பாரம் தோளுக்கு ஏற, கை மாற்றிக் கை மாற்றி இழுத்து, வாளியைக் கிணற்றுக் கட்டில் தாங்கி, குனிந்து நின்ற ஜெனிற்றாவின் கைக்குள் சரித்தாள். ஜெனிற்றாவின் கை நனைந்தது. முழங்கையால் வழிந்து சட்டை நனைந்தது. அவள் ஒரு மிடறு குடித்தாள்.

"எடியே, நல்லதண்ணியடி!"

ரூபகாந்தன் சேர் கிட்ட வந்து தரையில் கிடந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு எழும்பி, "ஜெனிற்றா, அந்த வியப்பு நல்லா வந்தது, ஆனா கொஞ்சம் கூடிப்போச்சு. அதோட ஊமத்தில கதைக்கக்கூடாது" என்றார்.

மணியடித்தது. பிள்ளைகள் கிணற்றைச் சுற்றிப் போனார்கள்.

புனிதவதி பின்னேரம் குடத்தோடு வந்தாள். மகள் கை வைத்துக் காட்டிய இடத்தில் கயிற்றைப் பிடித்தாள், இழுத்தாள், குடத்தை நிறைத்தாள். "கயிறு கொஞ்சம் கட்டையாய்க் கிடக்கு பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு இடுப்பில் குடத்தை ஏற்றிக்கொண்டு போனாள். வாழ்நாள் முழுக்கப் பவுசருக்குக் காத்து நின்ற பெண்ணுக்குத் தண்ணி எங்கே இருந்து வந்தால் என்ன? அடுத்த நாள் அவளோடு அவள் ஒழுங்கைச் சனம் வந்தது. அதற்கடுத்த நாள் ஊரே வந்தது.

ஆனால் கிணறு ஊமக் கிணறு அல்லவா? சும்மா வந்து குடத்தை நீட்டினால் தருமா? இல்லாத கயிற்றை இருக்கிற கயிறாகப் பிடிக்கவேண்டும். வெறும் வாளி இறங்கும்போது கை இலேசாக இருக்கவேண்டும், நிறைந்த வாளி ஏறும்போது முதுகு வளையவேண்டும். ஒரு இடத்தில் பிசகினாலும் குடம் வெறுங்குடம்தான். ஓய்வுபெற்ற தபாலதிபர் அவசரக்காரர், வாளி தண்ணியைத் தொடமுதலே இழுத்துவிட்டு, "எனக்கு மட்டும் வருகுதில்லை, இதிலயும் பாரபட்சம்" என்று சண்டை பிடித்தார். கோயிலடியில் இருக்கிற ஒரு மனிசர், யாராவது பார்க்கிறார்களா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்ததில் அவர் வாளி பாதி வழியிலேயே காணாமல் போனது. கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் அருமைத்துரை இழுத்தால் வாளி கிணற்றுச் சுவரில் இடித்து இடித்து அரைவாசியாய்த்தான் மேலே வரும். பெண்களுக்கு மட்டும் முதல் நாளே வந்தது. பிறகென்ன, ஒழுங்கைக்கு ஒழுங்கை, படலைக்குப் படலை, ஆம்பிளைகள் வெறும் காற்றை இழுத்து இழுத்துப் பழகினார்கள். கஜானி பள்ளிக்கூடம் விட்டுப் போகிற வழியில், "பிள்ளை, இதொருக்காப் பார், என்ர கை சரியோ?" என்று நரைத்த மனிசர் மறித்து நிறுத்திக் கேட்டார்கள்.

அந்தத் தண்ணியில் அபிஷேகம் செய்யலாமோ என்று ஐயருக்கு ஒரு யோசனை வந்தது. கண்ணுக்குத் தெரியாத கிணற்றுத் தண்ணி ஆகுமோ? அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, சாமியும் கண்ணுக்குத் தெரியிறவர் இல்லைத்தானே என்று முடிவுகட்டிக் குடத்தோடு வந்தார். அந்தோனிமுத்துவின் கடையில் தேத்தண்ணி முதல் தடவையாகத் தேத்தண்ணியாக ருசித்தது, கடை வாசலில் சனம் நின்று குடித்தது. பெண் கேட்டு வருகிறவர்கள் சாதகம் பார்க்கமுதல், "பெட்டைக்கு ஊமம் வருமோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். யாராவது வாளியைக் கட்டில் வைக்காமல் தரையில் வைத்துவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர் தடக்கி விழுந்து முழங்கால் உரசிக்கொண்டு திட்டுவார். ஆடுகள் மட்டும் கிணற்றுக்கு மேலாலேயே நடந்து திரிந்தன. ஆடு நாடகம் படிக்கவில்லைத்தானே, அதுகளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பவுசர் கொண்டுவருகிற செல்வம் அண்ணை நிறைந்த தாங்கியோடு வந்து, ஹோர்ன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, நிறைந்த தாங்கியோடு திரும்பிப் போனார். ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்கட கஜானி, எங்கட கஜானி என்று ஊர் கொண்டாடிய அந்த மாதங்களில் அவள் நிலத்தில் நடக்கவில்லை என்றே சொல்லலாம். காத்தைப் பிடிக்கிறாள் என்று சிரித்த தாய், வரிசையில் நின்று, "என்ர மகள் வைச்சது" என்று சொல்லுவதை அவள் ஒரு நாள் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டாள். கேட்டுவிட்டுப் போய்த் தனிய இருந்து அழுதாள், சந்தோஷத்தில்தான்.

பரீட்சைக் காலம் வந்தது. அந்த முறை பரீட்சகர்கள் தீவுக்கே வந்து பார்ப்பார்கள் என்று அறிவித்தல் வந்தது. கஜானியும் ஜெனிற்றாவும் செய்யப்போவது கிணறு என்று சேர் எப்போதோ எழுதி அனுப்பிவிட்டார். அது ஊருக்குத் தெரிந்தது. வாசிகசாலையில் கூட்டம் போட்டார்கள். அருமைத்துரை எழும்பினார்.

"வெளியாளுக்குத் தெரிஞ்சால் முடிஞ்சுது கதை. இண்டைக்குப் பரீட்சை எண்டு வருவினம், நாளைக்குத் தண்ணி பரிசோதனை எண்டு வருவினம், பிறகு குழாயைப் போட்டுப் பட்டினத்துக்கு உறிஞ்சுவினம். நாங்கள் பழையபடி பவுசருக்குப் பின்னால ஓடுறதுதான். பிள்ளை, வேற ஏதும் செய்யேலாதோ? ஒரு கதவு, ஒரு கதிரை?"

கஜானி எழும்பி நின்றாள். "எனக்கு வந்தது இதுதான் மாமா. இதைத்தான் செய்வன். இதில்லாட்டி எனக்கு வேற ஒண்டும் இல்லை."

அருமைத்துரை சனத்தைப் பார்த்தார், சனம் அவரைப் பார்த்தது. பிறகு அவர் முகம் கனிந்தது. "செய் பிள்ளை. ஆர் வேண்டாமெண்டது? எங்களுக்குத் தண்ணி தந்தவள் நீ. ஊர் முழுக்க வந்து முன்னுக்கு இருப்பம், பயப்பிடாதை. நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

ஐயோ, அந்தப் பிள்ளை அதை எப்படி நம்பினாள்! கை கூப்பிவிட்டு வெளியே வந்தாள். ஒழுங்கை முடக்கில் திரும்பிப் பார்த்தபோது வாசிகசாலையில் யாரும் எழும்பியிருக்கவில்லை. ஜெனிற்றாவும் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தபடி இருந்தாள். பரீட்சைக்குக் கதிரை போடுகிறதைப்பற்றிக் கதைக்கிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு கஜானி வீட்டுக்குப் போனாள்.

பரீட்சைக்கு முதல் நாள் கடைசி ஒத்திகை. கஜானி கண்ணை மூடிக்கொண்டு விழுந்தாள். ஜெனிற்றா பிடித்தாள். பிடித்த கை குளிர்ந்து கிடந்தது, விடவேண்டிய நேரத்தில் விடவுமில்லை.

"என்னடி, பயமோ?"

"இல்லை... சும்மா."

"விசரி, நான் இருக்கிறன்தானே" என்று கஜானி அவள் கன்னத்தில் தட்டினாள்.

ஊர் சொன்ன சொல் தவறாமல் வந்தது. தேருக்கு உடுக்கிற சேலை, வேட்டி, பூ, சந்தனப்பொட்டு. புனிதவதி நீலச் சேலையில் முன் வரிசையில் இருந்தாள். பரீட்சகர்களாக வந்த வயதான ஒரு சேரும் கண்ணாடி போட்ட ஒரு மிஸ்ஸும் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். கஜானி நடந்து போய்க் கிணற்றுக் கட்டில் கை வைத்தபோது, முன்னால் இருக்கிற அத்தனை முகமும் தன் தண்ணியைக் குடித்த முகம் என்ற நினைப்பே அவளைத் தூக்கிப் பிடித்தது. கயிற்றைப் போட்டாள், வாளியை இறக்கினாள், சுண்டினாள், பாரத்தை வாங்கினாள், இழுத்தாள், இழுத்தாள், அப்படி ஒரு இழுவையை அவள் அதற்குமுன் இழுத்ததில்லை, மிஸ் எழுதுகிற பேனையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, வாளி மேலே வந்தது, ஜெனிற்றாவின் கையில் சரிந்தது, தண்ணி சிந்திச் சீமெந்தில் ஓடி வயதானவரின் சப்பாத்தைத் தொட்டது.

அவர் குனிந்து பார்த்தார். "உதென்ன?"

"தண்ணி சேர்."

"ஊமத்தில உண்மையான சாமான் பாவிக்கக்கூடாது எண்டு தெரியாதோ? எங்க இருந்து வந்தது?"

"கிணத்திலயிருந்து சேர். நான் வைச்ச கிணறு. நீங்களும் வந்து இழுத்துப் பாருங்கோ."

"நாங்கள் நடிக்க வரேல்லைப் பிள்ளை. புள்ளி போட வந்தனாங்கள்."

மிஸ் ஜெனிற்றாவின் பக்கம் திரும்பினாள். "நீர் சொல்லும். பயப்பிடாமல் உண்மையைச் சொல்லும்."

ஜெனிற்றா தகப்பனைப் பார்த்தாள். தலைவரைப் பார்த்தாள். கஜானியை மட்டும் பார்க்கவில்லை. "போத்தில்ல கொண்டுவந்து ஒளிச்சு வைச்சவ மிஸ். வேண்டாமெண்டு நான் சொன்னனான், அவ கேக்கேல்லை." சொல்லிவிட்டு, பரீட்சைக்கென்று கட்டியிருந்த திரைச்சீலைக்குப் பின்னால் கையை விட்டு, ஈரம் சொட்டுகிற ஒரு சோடாப் போத்திலை எடுத்து மேசையில் வைத்தாள்.

அந்தோனிமுத்துவின் கடைப் போத்தில். அதைக் கண்டபோதுதான் கஜானிக்கு விளங்கியது. வாய் தவறிச் சொன்ன பொய் இல்லை இது. போத்திலைத் தேடி எடுத்து, தண்ணி விட்டு நனைத்து, எந்தத் திரைக்குப் பின்னால் வைக்கிறது, எப்போது எடுக்கிறது என்று இருந்து பழகியிருக்கிறார்கள். தனக்குத் தெரியாமல் ஊரே ஒத்திகை பார்த்திருக்கிறது.

"இஞ்ச கிணறு ஏதும் இருக்கோ?" என்று வயதானவர் சனத்தைக் கேட்டார்.

"கிணறோ?" என்று அருமைத்துரை எழும்பினார். "சீமெந்துத் தரையில கிணறோ சேர்?" சிரித்தார். தபாலதிபர் சிரித்தார், ஐயர் சிரித்தார், அந்தோனிமுத்து சிரித்தார். யாரும் முந்தவில்லை, யாரும் பிந்தவில்லை. எல்லாம் அவளிடம் பழகிய நடிப்பு. கஜானி ரூபகாந்தன் சேரைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய மாற்றல் விண்ணப்பத்தில் தலைவர் ஒரு கடிதம் வைக்கவேண்டியிருந்தது என்று பிறகு கதை.

"பிள்ளையின்ர தாய் ஆர்?" என்று மிஸ் கேட்டாள்.

புனிதவதி எழும்பினாள். கஜானிக்கு மூச்சு வந்தது. அம்மா இருக்கிறா. அம்மா சொல்லுவா.

"சொல்லுங்கோ அம்மா, இஞ்ச கிணறு இருக்கோ?"

புனிதவதி சேலைத் தலைப்பைத் துணி பிழிகிறமாதிரி முறுக்கினாள். "எனக்கு உதுகள் ஒண்டும் தெரியாது" என்றாள், இருந்தாள்.

பரீட்சையில் மோசடி என்று எழுதினார்கள். பாடம் இரத்து. வள்ளம் பரீட்சகர்களை ஏற்றிக்கொண்டு போனது.

அது கண்ணுக்கு மறையமுதலே, தேர்ச் சேலையை மாற்றிவிட்டுச் சனம் குடத்தோடு மண்டபத்துக்கு வந்தது. வெட்கமில்லாத சனம் என்று திட்டலாம்தான், ஆனால் அவர்களுக்கு விடாய்த்தது, அவ்வளவுதான். கஜானி இன்னும் அங்கேதான், சுவரோரமாய் இருந்தாள். அருமைத்துரை கிட்ட வந்து, "ஊருக்காகத்தானே பிள்ளை. சோதனை அடுத்த முறையும் வரும், கிணறு போனால் வருமோ?" என்றார். வரிசை ஓமோம் என்றது. ஜெனிற்றா கண் வீங்க வந்து எதிரில் நின்றாள். "கஜானி, என்னை அடியடி. ஏதாவது சொல்லு."

கஜானி எழும்பினாள். யாரையும் அடிக்கவில்லை. நேராக நடந்தாள். அவள் போகிற திசையைக் கண்டதும் வரிசை குலைந்தது.

"பிள்ளை, கவனம்! கிணறு!"

"ஐயோ, கிணத்துக்க விழப்போறாள், பிடியுங்கோ!"

"கஜானி, கிணறு கிணறு!" என்று தாய் கத்தினாள்.

கட்டுக்குக் கிட்ட வந்து அவள் நின்றாள். திரும்பி எல்லாரையும் பார்த்தாள்.

"எந்தக் கிணறு?" என்று கேட்டாள்.

காத்துக்கொண்டு நின்றாள். தாய் சொல்லுவாள் என்று காத்தாள், ஜெனிற்றா சொல்லுவாள் என்று காத்தாள். யாராவது ஒருத்தர், நீ வைச்ச கிணறு பிள்ளை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் சுற்றிக்கொண்டு போயிருப்பாள். ஜெனிற்றா கையை நீட்டினாள், பிடிக்கிறவள் நீட்டுகிறமாதிரி. கஜானி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு ஆடு நடக்கிறமாதிரிக் கிணற்றுக்குள்ளால் நடந்தாள். உள்ளங்காலில் ஒரு குளிர் ஏறியது, அடுத்த அடியில் வெயில் குடித்த சீமெந்து சுட்டது. மண்டபத்தைக் கடந்து வெளியே போய்த்தான் அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டுக் குழறி அழுதாள்.

அடுத்த நாள் விடிய வரிசை நின்றது. முதல் ஆளாய் அருமைத்துரை கயிற்றைப் பிடித்து இழுத்தார். வாளி சுவரில் இடிக்கவில்லை. கையில் பாரமும் ஏறவில்லை. பின்னால் ஊர் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கிணறு செத்துப்போச்சு என்று சொல்லலாம்தான். சொன்னால், இருந்தது என்று சொன்னதாகும். இருந்தது என்றால், வைத்தவள் ஒருத்தி உண்டு என்றாகும், அவளுக்குச் செய்ததற்கு என்ன பதில் என்றாகும். அவர் இல்லாத வாளியைக் குடத்துக்குள் சரித்தார், குடத்தைத் தோளில் ஏற்றினார், ஒரு பக்கம் சாய்ந்து, மூச்சு வாங்க வாங்க நடந்தார். அடுத்தது தபாலதிபர், அடுத்தது ஐயர், அடுத்தது ஜெனிற்றா. ஒருவரும் பிசகவில்லை. ததும்பிவிடுமோ என்று வெறுங்குடத்தை அணைத்துக்கொண்டு ஊர் முழுக்க நடந்தது. அன்றைக்கு அந்தோனிமுத்துவின் கடைத் தேத்தண்ணி வாயில் வைக்கமுடியாத உவராய்க் கிடந்தது, "அருமையான தேத்தண்ணி" என்று சொல்லிச் சொல்லிக் குடித்தார்கள். அந்த மாதமே ரூபகாந்தன் சேருக்கு மாற்றல் கிடைத்தது.

புனிதவதியும் குடத்தோடு வந்தாள். அடுப்படியில் சிந்தாமல் மெல்ல இறக்கி வைத்தாள். குடத்தைச் சரித்துத் தம்ளரில் வார்த்து மகளிடம் நீட்டினாள்.

"குடி பிள்ளை. வெயில் ஏறுது, விடாய்க்கும்."

கஜானி தாயின் மணிக்கட்டைப் பார்த்தாள். நிறைகுடத்தைச் சரிக்கிறபோது எவ்வளவு மடியவேண்டுமோ அவ்வளவு மடிந்து, கடைசியில் ஒரு துளி சிந்தாமல் நிமிர்கிற மணிக்கட்டு. அதைப் பார்த்துத்தான் அவள் கிணற்றின் பாரத்தைப் படித்தவள்.

"அம்மா, நல்லாய் நடிக்கிறியள்."

"ஊரோடதானே பிள்ளை இருக்கவேணும்" என்றாள் புனிதவதி. தம்ளரை நீட்டியபடியே நின்றாள்.

கஜானி தம்ளரை வாங்கவில்லை. குடத்தைத் தூக்கினாள். அது காற்றைப்போல இலேசாய்க் கிடந்தது, அவளும் அதை இலேசாகவே தூக்கிக்கொண்டு சந்திக்குப் போனாள். மண்டபத்தடியில் வரிசை ஒழுங்கை வரைக்கும் நீண்டு நின்றது. சந்தியில் செல்வம் அண்ணையின் பவுசர் வெயிலில் தனியே நின்றது, ஹோர்ன் அடித்து அடித்து அவருக்கே அலுத்துவிட்டது. கஜானி குடத்தைக் குழாயடியில் வைத்தாள். தண்ணி சத்தத்தோடு விழுந்து குடம் பாரமாகத் தொடங்கியது.

"என்ன பிள்ளை, நீ மட்டும் வந்திருக்கிறாய்?" என்று அவர் கேட்டார். "மற்றச் சனமெல்லாம் எங்க?"

"அவைக்குத் தண்ணி இருக்கு அண்ணை" என்றாள் கஜானி.